தீர்மானிக்கும் வேளை

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபடும் கமக்காரர் ஒருவர் ஒரு போகத்துக்குள் எத்தனையோ தீர்மானங்களைச் செய்ய வேண்டியவராயிருக்கிறார். எந்த இன நெல்லை விதைப்பது, ஏக்கருக்கு எத்தனை புசல் விதைப்பது, பசளையை எப்பொழுது வாங்குவது, பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதா அல்லது பொறுத்திருப்பதா என்பன அவற்றுட் சில. இவை ஒவ்வொன்றையும் பற்றி விவசாயத் திணைக்களம் சிபாரிசுகளை வெளியிட்டிருக்கிறது. கமக்காரரிற் பலர் அவற்றை நன்கு அறிவர். அறிந்திருந்தும், வயலில் இறங்கியபின் வேறொன்றைச் செய்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

அறியாமையே காரணமென நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆயினும் அண்மைக்கால ஆராய்ச்சிகள் மற்றொரு காரணத்தையும் காட்டுகின்றன. ஒரு தீர்மானம் நன்றாக அமைவதும் தீதாக முடிவதும் அதைச் செய்யும் வேளையையும் பெரிதும் பொறுத்தன. அச்சம் மேலிட்ட வேளையிலும், கையிற் பணமில்லாத வேளையிலும், அயலவர் என்ன செய்வாரோ என்னும் ஐயம் நிறைந்த வேளையிலும் கைதேர்ந்த கமக்காரரும் தமக்கே நட்டம் விளைக்கும் முடிவுகளைச் செய்துவிடுகின்றனர். அவ்வேளைகளை அறிந்து, முடிவுகளை அவற்றுக்கு முன்னரே செய்துகொள்ளும் வழிகளை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கணக்கும் மனமும்

மனிதர் யாவரும் வரவையும் செலவையும் சரிவர எடைபோட்டே முடிவு செய்வர் என்பது பொருளியலாரின் பழைய கொள்கை. மனிதரின் அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லையுண்டு, ஆதலால் அவர் மிகச் சிறந்ததைத் தேடாது, போதுமானதைக் கண்டவுடன் நின்றுவிடுவர் என்று ஹேபேட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். அவருக்கு 1978 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் டேனியல் கானெமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதர் இலாபத்தை விரும்புவதிலும் பார்க்க நட்டத்துக்கு அதிகமாக அஞ்சுகின்றனர் என்று நிறுவினர். நூறு ரூபாவை இழப்பதனால் உண்டாகும் துயரம், நூறு ரூபாவைப் பெறுவதனால் உண்டாகும் மகிழ்ச்சியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பது அவர்கள் பிற்காலத்திற் கண்ட அளவு. கானெமன் 2002 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ட்வெர்ஸ்கி அதற்கு முன்னரே, 1996 இல், காலமாகிவிட்டார்.

பொருளியலையும் உளநூலையும் ஒன்றுசேர்த்த இவ்வறிவு நெல்வயலுக்கும் கத்தரித் தோட்டத்துக்கும் நேரே பொருந்துவதாகும்.

நட்டத்துக்கு அஞ்சும் வேளை

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில் அமைந்த கோமாரியில், மூன்று ஏக்கர் நெற்காணியும் ஒரு சிறு மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்து அவர் பெரும்போக விதைப்புக்கு ஆயத்தமாகிறார். வீசி விதைக்கும் வயலுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதைநெல் போதுமென்பது சிபாரிசு. அவரோ 4 புசல் விதைக்கிறார். மழை பிந்தினால் என்செய்வது? வெள்ளம் மேவினால் என்செய்வது? குருவி பொறுக்கினால் என்செய்வது? விதை குறைந்து வயல் வெளித்துப் போகுமோ என்னும் அச்சமே அவருடைய கையை அதிகமாக வீசச் செய்கிறது. களையை அடக்குவதற்கும் இது உதவுமென்று அவர் கருதுகிறார்.

இதன் கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 2 புசல் வீதம் மூன்று ஏக்கருக்கு 6 புசல் மேலதிகமாகச் செலவாகிறது. ஒரு புசல் ஏறத்தாழ இருபதரைக் கிலோவாதலால், 120 கிலோவுக்கு மேற்பட்ட விதைநெல் மண்ணிற் போகிறது. நட்டம் இதனோடு நிற்பதில்லை. நெருங்கி முளைத்த பயிர் ஒளிக்கும் பசளைக்கும் தம்முட் போட்டியிட்டு மெலிகின்றது. தண்டு மெலிந்த பயிர் காற்றுக்கும் மழைக்கும் சாய்கின்றது. அடர்ந்த பயிரின் அடியில் ஈரமும் நிழலும் தங்குவதால் அறக்கொட்டியானும் மடல் கருகல் நோயும் எளிதிற் பெருகுகின்றன. வெளித்த வயல் யாவர் கண்ணுக்கும் உடனே தெரியும். அடர்ந்த வயலில் ஒளிந்திருக்கும் நட்டமோ அறுவடையன்றுதான் தெரியவரும். கண்ணுக்குத் தெரியும் சிறு நட்டத்துக்கு அஞ்சி, தெரியாத பெரு நட்டத்தை மனம் ஏற்றுக்கொள்கிறது.

மருந்து தெளிப்பிலும் இதுவே நிகழ்கிறது. விதைத்து மூன்று நான்கு வாரங்களில் இலைச்சுருட்டிப் புழு தாக்கிய வெள்ளைக் கீறல்களைக் கண்டவுடன் கமக்காரரின் மனம் பதைக்கிறது. அயல்வயலில் மருந்துத் தாங்கியின் ஓசை கேட்டால் அவராற் பொறுத்திருக்க முடிவதில்லை. ஆனால் இளம்பயிர் புதிய இலைகளையும் மட்டங்களையும் விட்டு, இழந்ததை ஈடுசெய்யும் ஆற்றல் உடையது. அப்பருவத்தில் தெளிக்கும் பூச்சிமருந்து புழுவோடு சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களையும் கொன்றுவிடுகிறது. காவலர் இல்லாத வயலில் அறக்கொட்டியான் பின்னர் தடையின்றிப் பெருகுகின்றது.

வியட்நாமிய கமக்காரர் செய்த சோதனை

இவ்வச்சத்தை வெல்லும் வழியொன்று வியட்நாமின் மேக்கொங் வடிநிலத்திற் காணப்பட்டது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் கே. எல். ஹியோங் என்பவரும், பிலிப்பைன்ஸ் நாட்டின் தொடர்பியல் அறிஞர் மொனீனா எஸ்கலாடா என்பவரும், கமக்காரர் ஏன் இவ்வளவு மருந்து தெளிக்கின்றனர் என்பதை ஆராய்ந்தனர். இலையைத் தின்னும் புழுக்களால் விளையும் நட்டத்தைக் கமக்காரர் உண்மையிலும் மிக அதிகமாக மதிப்பிடுகின்றனர் என்பது புலனாயிற்று.

நீண்ட போதனையால் இவ்வெண்ணம் மாறாதென்று கண்ட அவ்வறிஞர், விதைத்து 40 நாட்களுக்குள் இலை தின்னும் பூச்சிகளுக்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை என்னும் ஒரே ஒரு விதியைக் கமக்காரர் முன் வைத்தனர். அதனை நம்பும்படி எவரையும் வற்புறுத்தவில்லை. தம் வயலின் ஒரு சிறு பகுதியிற் சோதித்துப் பார்க்கும்படியே கேட்டனர். 1994 ஆம் ஆண்டில் லோங் ஆன் மாகாணத்தில் வானொலி நாடகங்கள், துண்டுப்பிரசுரங்கள், சுவரொட்டிகள் வாயிலாக இவ்விதி பரப்பப்பட்டது. ஒரு போகத்திற் சராசரி 3.4 தடவை மருந்து தெளித்துவந்த கமக்காரர், இரண்டரை ஆண்டு கடந்தபொழுது 1.6 தடவை மாத்திரமே தெளித்தனர்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கமக்காரரின் அச்சம் முற்றாக மறைந்துவிடவில்லை. அச்சம் எழுவதற்கு முன்னரே செய்துகொண்ட ஒரு முடிவு அவர்கள் கையில் இருந்தது. புழுவைக் கண்டபின் என்செய்வதென்று யோசிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

கையிற் பணமில்லாத வேளை

கமக்காரருக்குப் பணம் மாதந்தோறும் வருவதில்லை. அறுவடையோடு வந்து அடுத்த அறுவடைக்குள் தீர்ந்துவிடுகிறது. போகத்தின் நடுப்பகுதியில் நகை அடகுக்குப் போவதும், கடைக்காரரிடம் கடன் ஏறுவதும் கரையோர ஊர்களில் யாவரும் அறிந்தவையே.

இந்நிலை மனத்தையும் பாதிக்கின்றதா என்பதைத் தமிழ்நாட்டுக் கரும்புச் செய்கையாளரிடையே ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். ஆனந்தி மணி, எல்டார் ஷபீர், ஜியாயிங் ஷாவோ என்போர் ஏனையோர். கரும்பு ஆண்டுக்கொருமுறை வெட்டப்படுவது. ஆலைகளின் வசதிக்கேற்ப அயலயலான செய்கையாளரும் வெவ்வேறு மாதங்களில் வெட்டுகின்றனர். ஆதலால் காலநிலையின் வேறுபாட்டைப் பணத்தின் வேறுபாட்டிலிருந்து பிரித்தறிய வாய்ப்புக் கிடைத்தது. 464 செய்கையாளரை அறுவடைக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் சந்தித்து, அறிவைச் சோதிக்கும் எளிய புதிர்கள் கொடுக்கப்பட்டன. 2013 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. அறுவடைக்கு முன்னர் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் அத்தொகை நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. அதே மனிதர் அறுவடைக்குப் பின்னர் புதிர்களை அதிகம் சரியாக விடுவித்தனர்.

ஆள் மாறவில்லை, அவருடைய அறிவும் மாறவில்லை. கடனையும் நாளைய செலவையும் பற்றிய கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டது. வேறு நாடுகளில் நடத்திய சில ஆராய்ச்சிகளில் இதேயளவு வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். எனினும், பணமுடை மிகுந்த நாளிற் பெரிய முடிவுகளைச் செய்யலாகாது என்னும் படிப்பினை எவ்வூர்க் கமக்காரருக்கும் ஏற்புடையதே.

அப்படியாயின் பசளையைப் பற்றிய முடிவை எப்பொழுது செய்வது? கென்யா நாட்டின் மேற்குப் பகுதியிற் சோளச் செய்கையாளரிடையே எஸ்தர் டுஃப்லோ, மைக்கல் கிறேமர், ஜொனதன் ரொபின்சன் என்போர் நடத்திய சோதனை இதற்கு விடை தருகின்றது. அங்குள்ள செய்கையாளர் பசளையின் பயனை அறிந்திருந்தனர். அடுத்த போகத்துக்கு வாங்குவோம் என்று அறுவடை வேளையில் எண்ணவுஞ் செய்தனர். ஆனால் பசளையிடும் காலம் வந்தபொழுது பணம் கையில் இருக்கவில்லை. ஆதலால் அறுவடை முடிந்தவுடனே அவர்கள் வீடுகளுக்குச் சென்று, இன்றே பணங்கட்டினால் வேண்டிய காலத்திற் பசளை கூலியின்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்படும் என்று கூறப்பட்டது. பின்னர் மிகப் பெரிய விலைக்குறைப்புச் செய்து பெறக்கூடிய பயனை இச்சிறு உதவி தந்தது. 2011 ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. டுஃப்லோவும் கிறேமரும் அபிஜித் பானர்ஜியுடன் 2019 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அயலவரை ஐயுறும் வேளை

சில முடிவுகளைக் கமக்காரர் தனித்துச் செய்யவியலாது. நீரைப் பகிர்தலும், ஒரே காலத்தில் விதைத்தலும், யானைக்குக் காவல் இருத்தலும் அத்தகையன. நான் மட்டும் மடையை அடைத்தால் மற்றவன் திறந்துகொள்வான் என்னும் எண்ணம் எழுந்தவுடன் ஒவ்வொருவரும் வேண்டியதிலும் அதிகமாகவே நீரை எடுக்கின்றனர். ஒருவரும் கொடியவரல்லர். எனினும் கடைப்பகுதி வயல் காய்கின்றது.

இவ்வையத்தைப் போக்கிய சான்று அம்பாறை மாவட்டத்திலேயே உண்டு. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரைப் பெறும் கல்லோயா இடதுகரைப் பகுதியில் மேல்வாய்க்கால்களைச் சார்ந்தோர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைப்பகுதியிற் தமிழ் பேசும் கமக்காரர் இருந்தனர். வாய்க்கால்கள் பழுதுற்று, கடைப்பகுதிக்கு நீர் செல்வது அரிதாயிருந்தது. கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981 ஆம் ஆண்டில் இளம் அமைப்பாளர்களைக் கமக்காரரிடையே வாழ அனுப்பின. அவ்வாண்டின் சிறுபோகத் தொடக்கத்திற் குளத்தில் நீர் காற்பங்களவே இருந்தது.

அமைப்பாளர்கள் முதலில் சங்கம் எதனையும் நிறுவவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் சிறு தொகையினரை ஒன்றுகூட்டி, இப்பொழுது செய்யக்கூடியது யாதென்று பேசச் செய்தனர். சில வாரங்களுக்குள் கமக்காரர் தாமாகவே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கடைப்பகுதிக்கு விட்டனர். முன்பின் பேசாத அயலவரும் தாம் கூறியபடி நடப்பதைக் கண்ணாற் கண்டபொழுது ஐயம் நீங்கிற்று.

இப்பழக்கம் நிலைத்ததென்பது 1997 ஆம் ஆண்டின் சிறுபோகத்திற் புலனாயிற்று. அப்போது இருந்த நீர் 15,000 ஏக்கருக்கே போதுமென அதிகாரிகள் கணித்தனர். கமக்கார அமைப்புக்கள் இருக்கும் நீரை யாவரும் பகிர்ந்துகொள்வதெனத் தீர்மானித்து 65,000 ஏக்கரிற் பயிரிட்டன. விளைவு வழமையிலும் குறையவில்லை. கோர்னெல் அறிஞர் நோர்மன் அப்ஹொப் கல்லோயாவின் தொடக்ககால அனுபவத்தை 1992 இல் ஒரு நூலாக்கினார். பொதுவளங்களை மக்கள் தாமே பேணவல்லவர் என்று காட்டி 2009 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ற்றம் என்னும் அம்மையாரும் கல்லோயாவைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

மழையையும் சிறு குளங்களையும் நம்பிய வட்டைகளுக்கும் இது பொருந்தும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர்முறையும் விதைப்பு நாளும் யாவர் முன்னிலையிலும் முடிவானால், ஒருவரை ஒருவர் ஐயுறும் நிலை குறையும். யாவரும் ஒரே காலத்தில் விதைத்தால் பூச்சியின் பெருக்கமும் தணியும்.

மரக்கறித் தோட்டத்தில் நேரும் தவறுகள் இரண்டு

முதலாவது, சென்ற போகத்தின் விலையைக் கண்டு இப்போகத்தின் பயிரைத் தெரிதல். மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த செய்தி மனத்திற் பசுமையாக இருப்பதால் எல்லோரும் மிளகாயையே நடுகின்றனர். அறுவடையில் சந்தை நிறைந்து விலை விழுகின்றது. வெறுத்துப்போய் மறுபோகத்திற் கைவிடுகின்றனர். விலை மீண்டும் ஏறுகின்றது. இவ்வாறு ஏறியிறங்கும் விலையின் போக்கை வரைந்தால் சிலந்திவலைபோலத் தோன்றுவதால், சிலந்திவலைக் கோட்பாடு என்று 1930 களிலேயே பொருளியலார் இதற்குப் பெயரிட்டனர்.

இரண்டாவது, போன பணத்துக்காக இருக்கும் பணத்தை விடுதல். வாடல் நோயால் பெரும்பகுதி அழிந்த கத்தரித் தோட்டத்துக்கு மேன்மேலும் மருந்து வாங்குவோர் பலர். இவ்வளவு செலவழித்துவிட்டு எப்படி விடுவது என்பது அவர் கூறும் நியாயம். சென்ற செலவு எம்முடிவாலும் திரும்பாது. இனிச் செலவிடும் ரூபா இனி என்ன தரும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. அறுவடை முடிந்த வாரத்திலேயே அடுத்த போகத்துக்கான இனம், விதையின் அளவு, பசளையின் அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. வீட்டாருடன் கலந்து எழுதுதல் நன்று.

2. நெல் விற்ற பணம் கைக்கு வந்தவுடன், வேறு செலவுக்கு முன்னர், விதைக்கும் பசளைக்கும் வேண்டியதை ஒதுக்கிப் புறம்பான கணக்கில் வைப்பிலிடுக. முற்கூட்டியே பசளை வாங்குவோர் அதனை ஈரம்படாது பலகைமேல் அடுக்கி வைத்தல் வேண்டும். யூரியா ஈரத்தை இழுக்கும் இயல்புடையது.

3. விதைக்க முன்னர் 100 மணிகளை ஈரச்சாக்கில் முளைக்கவைத்துப் பார்க்க. 85 க்குக் குறையாமல் முளைத்தால் விதை நல்லது. விதை முளைக்குமோ என்னும் அச்சம் இதனால் நீங்கும்.

4. ஒரு வரவையில் மாத்திரம் நிலத்தை நன்கு மட்டப்படுத்தி ஏக்கருக்கு 2 புசல் வீதம் விதைத்து, ஏனையவற்றில் வழமைபோல் செய்க. இரண்டின் விளைவையும் வேறுவேறாக அளந்து ஒப்பிடுக. பிறர் சொல்லிலும் பார்க்கத் தம் வயலின் சான்றே உறுதியானது.

5. முதல் 40 நாட்களுக்குள் இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து தெளிக்காதிருக்கும் விதியையும் ஒரு வரவையிற் சோதித்துப் பார்க்க. இவ்விதி ஏனைய பூச்சிகளுக்குப் பொருந்தாது. பனிப்பூச்சி, அறக்கொட்டியான் முதலியவற்றுக்கு வாரந்தோறும் பயிரின் அடிவரை பார்த்து, விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு நடக்க. மருந்து வாங்கும் முடிவை வயலிற் செய்க. கடை வாசலில் நின்று செய்யற்க.

6. மரக்கறி நடுமுன் அயலவர் எதனை நடுகின்றனர் என விசாரிக்க. தோட்டம் முழுவதையும் ஒரே பயிருக்கு விடாது இரண்டு மூன்றாகப் பிரிக்க. ஒரு பயிருக்கு மிகக் கூடியது எவ்வளவு செலவிடலாம் என்பதை நடுகையன்றே எழுதி, அவ்வெல்லையைத் தாண்டாதிருக்க.

7. நீர்முறை, விதைப்பு நாள், யானைக்காவல் முறை ஆகியவற்றை ஆரம்பக் கூட்டத்தில் எழுதி, வட்டவிதானை வாயிலாக யாவரும் அறிய வாசிப்பிக்க.

முடிவு

மழை பொய்த்தாலும், வெள்ளம் மேவினாலும், நெல்லின் விலை வீழ்ந்தாலும் நல்ல தீர்மானம் மாத்திரம் கமக்காரரைக் காத்துவிடாது. வறுமை மனத்தின் குற்றத்தால் வருவதுமன்று. ஆயினும் மண்ணில் வீணாகும் 6 புசல் விதையும், தேவையின்றித் தெளிக்கும் இரண்டு தடவை மருந்தும், போகத்தின் நடுவில் அடகுக்குப் போகும் ஒரு நகையும் கமக்காரரின் கையாலேயே தடுக்கக்கூடியன. அறுவடை முடிந்து, களவெட்டி துப்புரவாகி, பணமும் அமைதியும் வீட்டில் இருக்கும் சில நாட்களே அதற்கு ஏற்ற வேளை. அந்நாட்களில் ஒருமுறை இருந்து எழுதிவைப்பவர், அடுத்த போகத்தின் அவதியான நாட்களில் அக்கொப்பியைத் திறந்து பார்த்து நடக்கலாம்.